புதிதாக பைனாகுலர் வாங்கியிருக்கிறேன். நட்சத்திரம் பார்க்க இது போதுமா, டெலஸ்கோப்தான் வேண்டுமா?

"இதுக்குப் பதிலா டெலஸ்கோப்பே வாங்கியிருக்கலாமே" என்று யாரோ உங்களைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எனக்கும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட இரண்டில் எதையும் கையில் எடுத்துப் பார்த்தவரில்லை.

போதும், தாராளமாகப் போதும். உங்களுடையது 10×50 என்று வைத்துக்கொள்கிறேன். 10 என்பது எத்தனை மடங்கு பெருக்கும் என்பது; 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியே 7 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் வெறுங்கண்ணைவிட ஏறத்தாழ 50 மடங்கு வெளிச்சம் அந்த லென்ஸ் வழியாக வருகிறது.

நான் முதலில் திருப்பியது வியாழன் பக்கம். வெள்ளைப் புள்ளி ஒன்று கோணல்மாணலாகக் கிறுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கை நடுக்கத்தையும் சேர்த்துத்தானே 10 மடங்காக்கும்! மொட்டை மாடிச் சுவரில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி மூச்சை அடக்கியதும் கிறுக்கல் நின்றது. வியாழனுக்கு ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் ஒன்று, ஒரே கோட்டில் ஊசிமுனைப் புள்ளிகள். பக்கத்தில் நின்ற மச்சினன் வாங்கிப் பார்த்துவிட்டு, "லென்ஸ்ல தூசி இருக்கு அத்தான்" என்றான். லேசாக நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். தூசியாக இருந்தால் வியாழன் நகரும்போது அது இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இவை வியாழனோடு சேர்ந்தே நகர்ந்தன. அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இரவு பார்த்தால் பக்கத்துக்கு இரண்டாக இடம் மாறியிருந்தன. பேச்சையே மாற்றிவிட்டான்.

அந்தப் புள்ளிகள் வியாழனின் நிலவுகள். 1610 ஜனவரியில் கலிலியோ இந்த நான்கு நிலவுகளையும் கண்டது சுமார் 20 மடங்கு பெருக்கும் குழாயில். ஆனால் நம் முழு நிலவுகூட அதில் ஒரே பார்வையில் அடங்காது. உங்களுடையதில் பத்து நிலவுகளை வரிசையாக வைக்கலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அந்த அகலம்தான் வேண்டும். வெறுங்கண்ணுக்கு ஆறேழு தெரிகிற இடத்தில் டஜன் கணக்கில் தெரியும். பல டெலஸ்கோப்புகளில் அது முழுசாக அடங்கவே அடங்காது.

நிலவைப் பார்க்கப் பௌர்ணமி வேண்டாம். நேர் வெளிச்சத்தில் நிழல் விழாமல் சப்பென்று இருக்கும். பாதி நிலவில், வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் ஓரத்தில் பாருங்கள், பள்ளங்கள் நிழலோடு எழும்பி நிற்கும்.

டெலஸ்கோப் அன்பர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். சனியின் வளையம் 10 மடங்கில் பிரிந்து தெரியாது, சரி. டெலஸ்கோப்பே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அப்புறம், இதையும் சொல்லாமல் விட்டால் திட்டுவார்கள்: சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும்.

இன்னொன்று, யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். தூசி என்று சொன்ன அதே மச்சினன்தான் சுற்றுலாவுக்கு என்று கேட்டு வாங்கிப்போனான். திரும்பி வந்தபோது லென்ஸில் சட்டை நுனியால் துடைத்த தீற்றல். அதையாவது விடலாம். எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கீழே போட்டிருக்கிறான். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிப் பட்டகம் இடம் பெயர்ந்தால் இரண்டு குழல்களும் ஒரே திசையைப் பார்க்காது. கேட்டால், "நான் தொடவே இல்லையே அத்தான்." தொடாமல் எப்படியப்பா பார்த்தாய்? வீட்டில் எல்லாரும் அவனுக்குத்தான் பரிந்து பேசினார்கள். ஒரு பொம்மைக்காக இவ்வளவு கோபமா என்று எனக்குத்தான் அறிவுரை.

புதுசிலும் இந்தக் கோளாறு இருக்கலாம். முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கமுள்ள வளையத்தைத் திருப்புங்கள். அதன் பின்னும் இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்று இரண்டாகப் பிரிந்தாலோ, கொஞ்ச நேரத்தில் தலை வலித்தாலோ, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.