பையனை எம்பிஏவுக்குள் ஒளித்து வைக்காதீர்கள்

செம்பூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகனுக்கு 26 வயது. நான்கு வருடமாக மும்பை மேடைகளில் ஸ்டாண்ட்-அப் காமெடி. ஒரு நிகழ்ச்சியின் 40 விநாடி வீடியோத் துண்டு இணையத்தில் பரவி, வசவு குவிந்து, இரண்டு அரங்குகள் அவரை ரத்து செய்துவிட்டன. சாப்பாடும் தூக்கமும் கெட்டிருப்பதால் முதல் வேலை மனநல மருத்துவரைப் பார்ப்பது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்கு இன்றே பேசலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

பெரியப்பா சொல்வதுபோல் எம்பிஏ சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பேர்போன கல்லூரிகளில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. 20 லட்சத்தைப் பத்து வருடக் கடனாக 10 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. முடித்துவிட்டு நேர்முகத்துக்குப் போனாலும் பெயரைத் தேடினால் அதே துண்டுதான் வரும். உங்கள் பி.எஃப். பணத்தில் கை வைக்கவே கூடாது.

மேடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் புகார் வரும் என்ற பயம் இருந்தால் வழக்கறிஞரைப் பார்க்காமல் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. எழுதினால் ஒரே முறை, நான்கு வரி. “யாராவது புண்பட்டிருந்தால்” என்று எழுதினால் சண்டை மறுபடி பற்றும். பிறகு யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசக்கூடிய சின்ன ஓப்பன் மைக் மேடைகளில் ஐந்து நிமிடம், புதிய சரக்கு மட்டும்.

வருமானத்துக்கு ஒரு வழி அவர் வீட்டு வாசலிலேயே இருக்கிறது: விளம்பரத் தமிழ். மும்பை ஏஜென்சிகள் இந்தியில் படம் எடுத்துவிட்டு அதையே தமிழ்நாட்டுக்கும் அனுப்புகின்றன. “ஆஜ் ஹீ கர் லே ஆயியே” என்பது “இன்றே வீட்டிற்குக் கொண்டு வாருங்கள்” என்று வருகிறது. எந்த வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? “இன்னைக்கே வாங்கிடுங்க” என்று எழுதக் காது வேண்டும். அசையை எண்ணி, கடைசிச் சொல்லில் சிரிப்பை வெடிக்க வைத்தவருக்கு அது இருக்கிறது.

இதில் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 30 விநாடியில் தமிழ் 45 சொல்லைத் தாண்டினால் குரல் கொடுப்பவருக்கு மூச்சு முட்டும். முகம் பெரிதாகத் தெரியும் ஷாட்டில் இந்தி வரி “காம்” என்று உதடு மூடி முடிந்தால், “வாங்குங்க” பொருந்தாது, வாய் திறந்து நிற்கும். “போதும்”, “வேணும்” உட்காரும். திரையில் வரும் எழுத்தையும் அவரே சரிபார்க்க வேண்டும். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி அச்சாகிவிடும், தமிழ் தெரியாத டிசைனர் கண்ணில் அது படாது. ஒப்புதல் தருபவருக்கும் தமிழ் தெரியாது என்பதால் ஒவ்வொரு வரிக்கும் மூன்று வடிவம், அருகில் நேர்ப்பொருள் ஆங்கிலத்தில், ஏன் இந்தச் சொல் என்று ஒரு வரி. இதைச் செய்யாதவர்களின் நல்ல வரிகள்தான் அடிபட்டுப் போகின்றன.

இப்போது ஓடும் ஆறு இந்தி விளம்பரங்களை எடுத்து, ஒலியை அணைத்து, தன் குரலில் தமிழைப் போனில் பதிவு செய்யட்டும். ஒவ்வொன்றுக்கும் 30, 20, 10 விநாடி வடிவங்கள். அந்தேரி டப்பிங் ஸ்டுடியோக்களுக்கும் ஏஜென்சிகளின் மொழிப் பிரிவுகளுக்கும் அதையே அனுப்பலாம். முதல் சந்திப்பிலேயே அந்தத் துண்டைப் பற்றி அவரே சொல்லிவிட வேண்டும். அவர்களாகத் தேடிக் கண்டுபிடித்தால் நம்பிக்கை போய்விடும். சம்பளம் பேசும்போது திருத்தம் இரண்டு சுற்றுதான் என்று மெயிலில் எழுதி வாங்கட்டும். பணம் தருபவர் முன்கூட்டியே கழிக்கும் வரியான டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்தால் கவலை வேண்டாம், வருமான வரி தாக்கல் செய்யும்போது கணக்கில் வரும்.

இதையும் அவர் மேல் திணிக்காதீர்கள். முதல் விளம்பரத்தை எழுதிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பிடித்தால் ஆறு மாதம்: சோறும் அறையும் உங்களுடையது, கைச்செலவு அவருடையது. இந்த வருடம் பையன் எம்பிஏ நுழைவுத் தேர்வு எழுதப் போவதில்லை என்று பெரியப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள், அம்மா. பையனைச் சொல்ல வைக்காதீர்கள்.