முதல் லாரி வேலை: யாரிடம் சேரலாம்?

கேள்வி: ஹெவி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். நாமக்கல்லில் இரண்டு லாரி ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். ஒருவர் பேட்டா அதிகம் தருகிறார். அங்கேயே சேரலாமா?

பதில்: பேட்டாவைக் கடைசியில் பாருங்கள். முதலில் வண்டி நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளைச் சரிபாருங்கள். லோடுக்குக் காத்துக் கிடக்கும் நாளுக்கும் பேட்டா உண்டா, பஞ்சர் செலவு யாருடையது என்று கேளுங்கள். அதிக பேட்டா கரைவது இங்கேதான். ஓவர்லோடு அடிக்கும் வண்டி வேண்டாம். அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. ஒரிஜினல் லைசென்ஸைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவரா? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

முதல் சில நடைக்குச் சீனியரோடு அனுப்புபவர்தான் உங்களுக்கு ஏற்றவர். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சமென்று நியூட்ரலில் இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காது. கியரில் இறக்கும் பக்குவம் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வரும்.