சீனி வருத்தம், இதயம், பாரிசவாதம்: டொக்டரிடம் கேளுங்கள்

வெள்ளவத்தை: டொக்டர், அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சீனி 118. ஆனால் எச்பிஏவன்சி 8.4. எந்த ரிப்போட் பிழை?

இரண்டுமே சரியாக இருக்கலாம். கிளினிக் நாள் கிட்ட வந்தால் பிட்டை விட்டு, தேத்தண்ணிக்குச் சீனியை விட்டு, இரவில் சூப்போடு படுக்கிறவர்கள் நிறையப் பேர். காலையில் குத்திப் பார்த்தால் தெரிவது அந்த விரதம்தான். இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சீனியைத்தான் ஏவன்சி அளக்கிறது, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை. அதை ஏமாற்ற இயலாது. அம்மா அப்படிச் செய்யாவிட்டால், சாப்பிட்ட பிறகு ஏறுகிறதா என்று இரண்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை: போன கிழமை அப்பாவுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்தது. அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது. காட்ட வேணுமா?

இன்றைக்கே, ஆஸ்பத்திரிக்கு. மூளைக்குப் போன இரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திருக்கலாம். பெரிய பாரிசவாதம் இதற்குப் பின்னால் வரக்கூடும், அதுவும் முதல் சில நாட்களில்தான் கூடுதலாக. திரும்ப வந்தால், சரியாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்று எழுதி வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேணும், அதுவும் சிடி ஸ்கான் பார்த்த பிறகு. வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள்: அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கானுக்கு முன் ஒருவருக்கும் தெரியாது. வாயில் தண்ணியும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

மட்டக்குளி: சீனி நோர்மலுக்கு வந்துவிட்டது. மெட்போமினை விடலாமா?

குளிசையால்தான் நோர்மல். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தெகிவளை: பனங்கட்டி சீனி இல்லைத்தானே?

சீனிதான். கித்துள் கருப்பட்டியும் அப்படியே.

தெகிவளை: எங்கள் பாட்டா 90 வயது மட்டும் பனங்கட்டி கடித்துத்தான் தேத்தண்ணி குடித்தார்.

பாட்டா கிணற்றில் தண்ணி இறைத்தார். நீங்கள் முதலாம் மாடிக்கு லிப்டில் போகிறீர்கள்.

பம்பலப்பிட்டி: குறுக்கே வருகிறேன். கித்துள் மெதுவாகத்தான் ஏற்றும் என்கிறார்களே? இரும்புச் சத்தும் உண்டு.

மெதுவாக ஏறினாலும் ஏறுவது ஏறுவதுதான். நல்லது என்ற நம்பிக்கையில் தோடம்பழம் அளவு துண்டை உடைப்பதுதான் வினை. இரும்புக்கு முருங்கையிலை வறை சாப்பிடுங்கள்.

தெகிவளை: அப்போ தேன்?

தங்கச்சி, தேனும்தான்!

வத்தளை: கொலஸ்ட்ரோல் குறைந்துவிட்டது, குளிசையை நிறுத்தலாமா?

மட்டக்குளிக்குச் சொன்னதுதான்.

கிருலப்பனை: பிரஷர் குளிசை?

மட்டக்குளி.

மருதானை: கண் மங்குகிறது. எந்தச் சொட்டு மருந்து நல்லது?

அது கண் டொக்டரின் வேலை. விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சீனி உள்ளவர்கள் மங்காவிட்டாலும் வருடா வருடம் பார்க்க வேணும்.

கல்கிசை: அண்ணைக்கு 15 வருடமாகச் சீனி. நேற்று வேர்த்து, மூச்சு வாங்கியது. நெஞ்சு நோகவில்லை, காஸ் என்று இருக்கிறார்.

நீண்ட நாள் சீனி நரம்பை மழுங்கடித்துவிடும். நோவே இல்லாமலும் மாரடைப்பு வரும். காஸ் குளிசையை வைத்துவிட்டு இப்போதே கூட்டிக்கொண்டு போய் ஈசிஜி எடுங்கள். முதல் ஈசிஜியில் ஒன்றும் இல்லை என்றாலும் உடனே வீட்டுக்கு வராதீர்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.