கடிகாரத்தின் விலையை மனைவியிடம் மறைத்துவிட்டேன்

அன்பின் ஆலோசகருக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 34. கொழுந்து பறித்து என்னை வளர்த்த அம்மா இன்றும் லயத்தில்தான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்தான், இருக்கிறார். நானும் மனைவியும் சேர்ந்து கட்டிய சீட்டுக் காசு கைக்கு வந்ததும், கண்டியில் 185,000 ரூபாவுக்கு ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கினேன். மனைவியிடம் 18,000 என்று சொல்லிவிட்டேன்.

பெட்டரி இல்லாமல் கையின் அசைவிலேயே ஓடுகிறது. பின்பக்கக் கண்ணாடி வழியே சக்கரங்கள் சுழல்வதை இரவில் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனால் தோட்ட முகாமையாளரான துரை வரும் நாளில், கடிகாரம் தெரியச் சட்டைக் கையை மடித்துவிடுகிறேன். அம்மாவிடம் போகும்போது கழற்றிப் பையில் போடுகிறேன். “லயத்தில் பிறந்தவனுக்கு இது எதற்கு, பவுசு காட்டவா?” என்று மைத்துனர் கேட்டதிலிருந்து கூச்சமாக இருக்கிறது. நான் விரும்பியது கடிகாரத்தையா, அதனால் வரும் மதிப்பையா?

– ஒரு வாசகர்

அன்பின் தம்பிக்கு,

இரண்டையும்தான். மைத்துனரின் கேள்வி என்னைக் கோபப்படுத்துகிறது. நல்ல பொருளை ரசிக்கப் பிறந்த இடம் பார்க்க வேண்டுமா? வாடப் போட்ட கொழுந்தைக் கையால் அமுக்கியே பதம் சொல்லும் ஆட்கள் உங்கள் தொழிற்சாலையில் இருப்பார்கள். தரம் அறிந்த கைகளுக்கு மலையகத்தில் என்றுமே குறைவில்லை. அம்மா பறித்த கொழுந்தில் சிறந்ததெல்லாம் கப்பலேறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

நேரம் காட்டுவதில் மலிவான பெட்டரிக் கடிகாரம்கூட உங்களுடையதை வென்றுவிடும். இயந்திரக் கடிகாரம் நாளுக்குச் சில வினாடிகளாவது முந்தும், பிந்தும். எவரும் பார்க்காத இரவிலும் அதில் லயித்துப் போகிறீர்களே, அந்த ரசனையைச் சந்தேகிக்காதீர்கள். அடுத்த முறை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து அந்தச் சக்கரங்களைக் காட்டுங்கள்.

சட்டைக் கையை மடிக்கும் நாளில் மட்டும் சற்று நின்று யோசியுங்கள். துரையிடம் எதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறீர்கள்? சம்பளமா, பதவியா, ஒரு மரியாதையான சொல்லா? அதை வாய்திறந்து கேளுங்கள். கடிகாரம் உங்களுக்காகப் பேசாது.

எனக்குப் பெரும் கவலை அந்த 18,000தான். சீட்டுக் காசில் பாதி உங்கள் மனைவியின் உழைப்பு. இந்த வாரமே உண்மை விலையைச் சொல்லுங்கள். கோபப்படுவார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு, குறுக்கே பேசாதீர்கள். கோபம் தணிந்த பிறகு, அந்தப் பணத்தில் அவர் என்ன செய்ய ஆசைப்பட்டிருந்தார் என்று கேளுங்கள். கடிகாரத்தை வைத்திருப்பதா விற்பதா என்பதை அதன் பிறகு இருவரும் சேர்ந்து பேசலாம்.