துத்தநாகம் தந்த எலிகளுக்கு இரத்தசோகை: செம்பையும் அளந்து பாருங்கள்

90 நாள் சோதனையில், தீனியில் மிக அதிகத் துத்தநாகம் கலந்து கொடுத்த எலிகளுக்கு மட்டும் எடையும் ஹீமோகுளோபினும் சரிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். துத்தநாகமே இரத்தத்தைக் கெடுத்தது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அது மிகுந்தால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அந்தப் புரதம் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். செம்பு குறைந்தால் உடலால் இரும்பைச் சரியாகப் பயன்படுத்த முடியாது, இரத்தசோகை வரும். ஆகவே ஈரலில் செம்பையும் இரத்தச் சீரத்தில் செருலோபிளாஸ்மின் என்ற, செம்பைச் சுமக்கும் புரதத்தையும் அளந்துவிடுங்கள்.

எடைக் குறைவு வேறு கதையாக இருக்கலாம். துத்தநாக உப்பின் துவர்ப்புக்கு எலிகள் தீனியை ஒதுக்கும். தின்ற அளவு குறைந்திருந்தால், அதே அளவு சாதாரணத் தீனி பெறும் ஒப்பீட்டுக் குழு தேவை. கூண்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டா? இருந்தால், எலிகள் அதைக் கடித்தே துத்தநாகத்தைக் கூடுதலாக உட்கொள்ளும்.