வடக்கு ரயில் பாதை: உங்கள் கேள்விகள்

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் யாழ்தேவி ரயில் ஓடும் பாதை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: கொழும்பிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ரயில் பாதை கடைசியாகத்தான் யாழ்ப்பாணத்தைத் தொட்டது என்று அப்பா சொல்கிறார். அப்படியா? (வாசகர், கொக்குவில்)

பதில்: அப்பா சொல்வதில் பாதிதான் சரி. கண்டிக்குப் போகும் பாதையிலிருந்து பொல்காவலையில் பிரியும் வடக்குப் பாதை 1894இல் குருநாகல் வரை வந்து, அதோடு சில வருடம் நின்றுவிட்டது. பிறகு வேலை இரண்டு முனையிலும் நடந்தது. 1902 மார்ச்சிலேயே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, தெற்கோடு எந்தத் தொடுப்பும் இல்லாமல்! நடுவில் கிடந்தது மலேரியாவுக்குப் பேர்போன வன்னிக் காடு. அதைக் கடந்து இரண்டு துண்டும் பொருந்தி, கொழும்பிலிருந்து நேராக யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 1905 ஆகஸ்டில். யாழ்தேவி அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1956 ஏப்ரல் 23 அன்றுதான் ஓடத் தொடங்கியது.

கேள்வி: சண்டைக் காலத்தில் தண்டவாளம் முழுக்கக் களவு போனதாக ஒரு கட்டுரையில் படித்தேன் ஐயா. இத்தனை மைல் இரும்பை யார் தூக்கிக்கொண்டு போக முடியும்? (வாசகர், மட்டக்களப்பு)

பதில்: களவு என்று எழுதியவர் அந்தக் காலத்தில் வடக்கில் இருந்திருக்க மாட்டார். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனது, வண்டிகள் வவுனியாவோடு திரும்பின. அதன்பின் தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக பங்கர்களுக்கு, அதாவது பதுங்கு குழிகளுக்கு, போயின. ஆமிக்காரரும் எடுத்தார்கள், புலிகளும் எடுத்தார்கள், வீட்டு வளவில் பங்கர் வெட்டிய சனமும் எடுத்தது. மேலே குண்டு விழும்போது பிள்ளைகளை உள்ளே இறக்கிவிட்டு மூடுவதற்கு அதைவிடப் பலமான கூரை அங்கே வேறு என்ன இருந்தது? அதைக் களவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நிலையங்களில் இடிந்த சுவர்கள் மிஞ்சின, பல இடங்களில் பாதையின் மேட்டையே பற்றை மூடிவிட்டது, ரயில் காணியில் குடிசை போட்டு இருந்தவர்களும் உண்டு.

திரும்பப் போட்டதும் துண்டு துண்டாகத்தான். 2009இல் தாண்டிக்குளம், 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, அடுத்த மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. ஓமந்தைக்கு வடக்கே எல்லாம் இந்தியக் கடனுதவியில் இர்கான் என்ற இந்திய அரச கட்டுமான நிறுவனம் செய்த வேலை.

கேள்வி: புதுப் பாதை, புதுப் பெட்டி, ஆனால் எதிர் வண்டிக்காக இன்னும் ஏதோ ஒரு நிலையத்தில் காத்துக் கிடக்கிறோமே? (வாசகி, வவுனியா)

பதில்: வடக்குப் பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தடம். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம், எதிரே வருவது நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். முன்பு இதற்கு டேப்லட் முறை இருந்தது: நிலைய அதிபர் கொடுக்கும் வட்டத் தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்க முடியாது, ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரண்டு நிலையத்து இயந்திரமும் அடுத்ததை விடாது. புதிதாகப் போட்ட வடபகுதியில் வண்ண விளக்குச் சமிக்ஞை வந்துவிட்டது, ஆனாலும் தடம் ஒன்றுதானே. ஒரு வண்டி பிந்தினால் அதற்காக மற்றதும் பிந்தும்.

கேள்வி: ரயில் பாதையைத் தெரு கடக்கும் கடவைகளில் இவ்வளவு பேர் சாவதற்குச் சனத்தின் கவலையீனம்தான் காரணம் என்கிறேன். நீங்கள்? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 23, 24 வருடம் ரயிலே வராத ஊர்களில் ஒரு தலைமுறை முழுதாகப் பிறந்து வளர்ந்திருக்கிறது. பாதை கிடந்த மேடு அவர்களுக்கு நடைபாதை, சைக்கிள் பாதை, மாடு மேய்க்கும் இடம். அந்த மேட்டில் ஒருநாள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை விட்டுவிட்டு, குறுக்கே போன ஒழுங்கைகளில் பலவற்றுக்கு கேற்றும் போடாமல், பார்த்துப் போ என்றால் போதுமா? பழைய இஞ்சின் மாதிரி தூரத்திலேயே கேட்பதும் இல்லை, பற்றை மறைத்த வளைவென்றால் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். அப்புறம், கடவைக் காப்பாளர்களை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு 250 ரூபா என்று பொலிஸ் ஊடாக அமர்த்தி, நிரந்தர நியமனம் கேட்டு அவர்களை வருடக்கணக்கில் தெருவில் நிற்க வைத்தார்கள். பல கோடி டொலர் கடன் வாங்கிப் பாதை போட்ட நாட்டுக்குக் கேற் பிடிப்பவருக்குச் சரியான சம்பளம் கொடுப்பது பெரிய காரியமில்லை. சனத்துக்கும் கவனம் வேண்டும்தான், முதல் பொறுப்பு யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: தலைமன்னாருக்கு ரயில் போகிறதாமே, ரயிலும் கப்பலும் சேர்ந்த பழைய போட் மெயில் மாதிரி இங்கிருந்து வந்து அதில் ஏறலாமா? (வாசகி, இராமநாதபுரம்)

பதில்: ரயில் இருக்கிறது, கப்பல் இல்லை. மதவாச்சியில் பிரிந்து மன்னார் வழியாகப் போகும் அந்தக் கிளைதான் 1914 முதல் தனுஷ்கோடிக் கப்பலோடு இணைந்திருந்தது. 1964 புயலுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து வந்தது, 1984இல் அதுவும் நின்றுவிட்டது. பாதையை 2015 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். நீங்கள் வருவதென்றால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறையில் இறங்குங்கள், 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை அது. அங்கே ரயில் இருக்கிறது. மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், எனவே டிக்கெட் போடும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.