முழுப் பணமா, தவணையா? கார் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: 8 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்க இருக்கிறேன். வங்கி வைப்பில் 9 லட்சம் உள்ளது. வட்டி 7 சதவீதம். கார் கடனுக்கு 9 சதவீதம் கேட்கிறார்கள். எது நல்லது? (சூரமங்கலம்)

பதில்: நீங்கள் வருமான வரி கட்டும் சம்பளக்காரர் என்றால், வைப்பு வட்டிக்கு வரி உண்டு, கார் கடன் வட்டிக்குச் சலுகை இல்லை, ஆகவே கடன் வாங்குவதில் உங்கள் இழப்பு 2 சதவீதத்துக்கும் அதிகம். அதற்காக வைப்பு முழுவதையும் உடைத்துவிட்டு, ஒரு மருத்துவச் செலவு வந்ததும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். 6 லட்சத்தைக் கையிலிருந்து கொடுத்து, 2 லட்சத்தை மூன்றாண்டுக் கடனாகப் பெற்றால், மொத்த வட்டி ஏறத்தாழ 29,000 ரூபாய்தான்.

கேள்வி: கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். 7 லட்சத்தையும் நோட்டாகவே ஷோரூமில் கட்டலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: கூடாது. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுக்கிறது. வங்கி வழியாகக் கட்டுங்கள்.

கேள்வி: 5 லட்சம் கடன், ஐந்து ஆண்டு. நிதி நிறுவனத்தார் 'நூற்றுக்கு 75 காசு வட்டிதான்' என்று சொல்லி மாதம் 12,083 ரூபாய் கேட்கிறார்கள். வங்கியில் 9 சதவீதத்துக்கு 10,379 ரூபாய் என்கிறார்கள். இரண்டும் ஒரே வட்டி அல்லவா? (அம்மாப்பேட்டை)

பதில்: அல்ல. முன்னது 'ஃபிளாட்' வட்டி. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், கடைசி ஆண்டில் ஒரு லட்சமே பாக்கி இருக்கும்போதும், 5 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். ஐந்தாண்டில் 2,25,000 ரூபாய் வட்டி ஆகிறது. வங்கிக்கோ 1,22,750 ரூபாய் அளவில் முடிகிறது. அந்த 75 காசு, வங்கி கணக்கிடும் முறையில் பார்த்தால் ஆண்டுக்கு 15 சதவீதத்தைத் தாண்டிய வட்டி. 2011இல் நானும் 4 லட்சம் ரூபாயை '8 சதவீதம்' என்ற சொல்லை நம்பி வாங்கினேன். மாதம் 9,333 ரூபாய் கட்ட முடியுமா என்று மட்டுமே யோசித்தேன். 1,60,000 ரூபாய் வட்டியைக் கட்டி முடித்த பிறகுதான், குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டிருந்தால் 87,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்று அறிந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உழைப்பவரின் பணம் இப்படிப் போவதைத் தடுக்கத்தான், கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, வங்கியின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: இன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்றார்கள். நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டுவிட்டேன். வட்டி எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அஸ்தம்பட்டி)

பதில்: கையெழுத்திடும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கடன் பணம் இன்னும் ஷோரூமுக்குப் போகவில்லை என்றால், நாளைக் காலையே சென்று எழுத்து மூலம் நிறுத்துங்கள்.

கேள்வி: காப்பி விற்ற பணத்தில் கார் கடனை முழுவதும் அடைத்துவிட்டேன். இரண்டு மாதமாகியும் தடையில்லாச் சான்று தராமல், மேலும் 6,000 ரூபாய் கேட்கிறார்கள். (ஏற்காடு)

பதில்: ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறும் உங்களை இப்படி அலைக்கழிப்பது அநியாயம். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், தாமதம் அவர்களால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. இதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சான்று வந்ததும் படிவம் 35உடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் நீக்க மறக்காதீர்கள். அந்தப் பெயர் இருக்கும்வரை, கார் முழுதும் சேதமானால் இழப்பீடு அவர்களிடம் போய்ச் சேரும்.